துணையும் காப்பும்: மாற்றுத்திறனாளிகளின் தன்முடிவுரிமை பற்றிய தமிழாக்கச் சொற்கள் – ஒரு மதிப்பீடு

மாற்றுத்திறனாளிகள் தொடர்பான தமிழ்ச் சொல்லாட்சி பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நடந்துவந்துள்ளது. அவர்களை எப்பெயரால் குறிப்பது என்பதே அவ்வினா. நொண்டி, குருடு, செவிடு, ஊமை என உறுப்பைச் சுட்டி ஆளைக் குறித்த சொற்கள் எழுத்து வழக்கிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த ஊனமுற்றோர் என்ற தொகைச்சொல்லும் பின்னர் விலக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளி என்ற சொல் தமிழக அரசின் வழக்கில் இடம்பெற்றது. 2015இன் இறுதியில் இந்தியில் 'திவ்யாங்' என்ற சொல் நடுவணரசின் வழக்கில் புகுத்தப்பட்டபோதும் இதே வகையான விவாதமே எழுந்தது. பெயர்மாற்றத்தால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் பெயர்ச்சொல்லின்மீது செலுத்தப்பட்ட கவனம் அப்பெயரோடு சேரும் வினைச்சொற்களின்மீது செலுத்தப்படவில்லை. முடிவெடுத்தல், வாழ்தல், துணைநிற்றல் என்னும் வினைகளுக்கு எழுவாயாக நிற்பவர் யார் என்பது மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள பெரிய சிக்கல். அது இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

இச்சிக்கலின் தோற்றுவாய் ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற உடன்படிக்கையாகும். இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் விளைவாக 1995ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பெற்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இயற்றப்பெற்றது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது. புதியது 21 வகைகளை ஏற்கிறது. ஆனால் எண்ணிக்கை உயர்வைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று. குறைபாடு உடையவருக்கும் மற்றவர்க்கு நிகரான சட்டநிலை உண்டு என்றும், அவர் சமூகத்தினிடையே வாழும் உரிமை உடையவர் என்றும், முடிவெடுப்பதில் அவருக்குத் துணை தேவைப்படலாம், ஆனால் முடிவு அவருடையதே என்றும் இந்நூல்கள் கூறுகின்றன.

இக்கருத்துகள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது நேர்ந்த இடர்கள் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பில் 'லீகல் கப்பாசிட்டி' என்ற தொடர் உள்ளது. 2006 ஆகஸ்டில் உருவான வரைவில் இத்தொடருக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப்பட்டிருந்தது. அரபு, சீனம், உருசியம் ஆகிய மூன்று மொழிகளில் இத்தொடர் உரிமைகளைப் பெற்றிருக்கும் நிலையையே குறிக்கும், அவ்வுரிமைகளைத் தாமே செயற்படுத்தும் ஆற்றலைக் குறிக்காது என்பது அக்குறிப்பின் சாரம். அக்குறிப்பு நின்றிருந்தால் ஒரே உடன்படிக்கை ஆங்கிலத்தில் ஒரு பொருளையும் சீனத்தில் வேறொரு பொருளையும் தந்திருக்கும். ஒருவருக்கு நிலம் உரியது என்பது ஒன்று. அந்நிலத்தை விற்கத் தாமே கையொப்பமிடலாம் என்பது மற்றொன்று. எதிர்ப்பின் காரணமாக இறுதி ஏற்புக்கு முன் அவ்வடிக்குறிப்பு நீக்கப்பட்டது. ஓர் அடிக்குறிப்பின் வழியே ஓர் உரிமை நழுவிப் போகக்கூடும் என்பதற்கு மொழிபெயர்ப்பியலார் இதனைவிடத் தெளிவான சான்றைக் காண்பதரிது.

செருமானிய மொழியில் நிகழ்ந்ததும் நோக்கத்தக்கது. செருமனி, ஆசுதிரியா, சுவிட்சர்லாந்து, லீக்டன்சுடைன் ஆகிய நாடுகள் உடன்பட்டு உருவாக்கிய அலுவல்முறை மொழிபெயர்ப்பில், 'இன்குளூசன்' என்ற கருத்து 'இன்டெக்ரசியோன்' என்றே பெயர்க்கப்பட்டிருந்தது. பின்னது ஏற்கெனவே உள்ள அமைப்புக்குள் ஒருவரைப் பொருத்துவதைக் குறிப்பது. முன்னது அமைப்பே மாறுவதைக் கோருவது. குறைபாடுடையோரின் அமைப்பொன்று இதனை ஏற்காது, தானே திருத்திய 'நிழல் மொழிபெயர்ப்பு' ஒன்றை வெளியிட்டது. ஆசுதிரியா 2016இல் தன் அலுவல்முறை மொழிபெயர்ப்பைத் திருத்தியது. மூலத்தில் பேசப்படுவோரே மொழிபெயர்ப்பின் திறனாய்வாளராக எழுந்த நிகழ்வு இது.

இனித் தமிழுக்கு வரலாம். 'லீகல் கப்பாசிட்டி' என்பதற்குச் 'சட்டத் தகுதி' என்பதே உடனடியாகத் தோன்றும் தொடர். ஆனால் தகுதி என்பது தமிழில் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. தகுதித் தேர்வு, தகுதிச் சான்று, தகுதி நீக்கம் என்ற வழக்குகளைக் காண்க. எல்லார்க்கும் இயல்பாக உள்ளது எனச் சட்டம் கூறுவதை, தேர்ந்து பெற வேண்டியதாக இச்சொல் மாற்றிவிடுகிறது. 'சட்டத் திறன்' என்பதும் பொருந்தாது. மாற்றுத்திறன் என்ற சொல்லில் திறன் வேறு பணியில் அமர்ந்துவிட்டது. வழக்குமன்றத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'சித்த சுவாதீனம்' ஈண்டு நினைக்கத்தக்கது. சுவாதீனம் என்பது தன் வயத்தில் இருத்தல். நிலத்தைப் பற்றிய ஆவணங்களில் அனுபவ உரிமையைக் குறித்து உடன்பாட்டில் வரும் இச்சொல், மனத்தைப் பற்றி வரும்போது பெரும்பாலும் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என எதிர்மறையிலேயே வருகிறது. 'சட்ட ஆளுமை' என்பது ஓரளவு ஏற்கத்தக்கது. எனினும் ஆளுமை இன்று மனிதரின் பண்புநலனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டமையின் அதுவும் குறையுடையதே.

தன்முடிவுரிமை என்னும் கருத்துக்கு வழங்கும் 'சுயநிர்ணயம்' என்ற சொல் தேசிய இனங்களின் அரசியலில் வேரூன்றியது. சுயநிர்ணய உரிமை என்ற தொடரைக் கேட்கும் தமிழர் ஒரு நாட்டின் எல்லைக்கோட்டை நினைப்பாரேயன்றி, இரவில் எத்தனை மணிக்கு உறங்குவது எனத் தானே முடிவுசெய்ய விரும்பும் ஒரு மனிதரை நினைக்கமாட்டார். 'தன்னாட்சி' பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் உரியதாகிவிட்டது.

19ஆம் உறுப்பு கூறும் 'இன்டிபென்டன்ட் லிவிங்' என்பதைத் 'தற்சார்பு வாழ்வு' எனப் பெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்குவதாகும். தற்சார்பு என்பது பிறரைச் சாராமை. இவ்வியக்கத்தின் முன்னோடியான எட் ராபர்ட்சு இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் இயக்கமிழந்தவர். இரும்பு நுரையீரல் என்னும் பொறியின் உதவியோடு உயிர்வாழ்ந்தவர். 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1972இல் அந்நகரில் நிறுவப்பெற்ற மையத்தில் முன்னின்றார். உடுக்கவும் உண்ணவும் அவருக்குப் பிறர் கை தேவைப்பட்டது. அக்கையை யார் தருவது, எப்போது தருவது என்பதைத் தாமே முடிவுசெய்தமையே அவர் கூறிய சுதந்திரம். இவரைத் தற்சார்புடையவர் என்று தமிழில் எழுதினால், பிறர் உதவியின்றி எழ இயலாத ஒருவர் இவ்வுரிமைக்குப் புறத்தே தள்ளப்படுகிறார். 'தன்விருப்ப வாழ்வு' என்பது செவிக்குச் சற்று அயன்மையாகத் தோன்றினும் பிழையற்றது.

அவ்வுறுப்பில் வரும் 'கம்யூனிட்டி' என்பதும் எளிய சொல்லன்று. சமூகம், சமுதாயம் ஆகிய இரண்டும் நாளிதழ் வழக்கில் சாதியைச் சுட்டும். 'ஊர்' நெருக்கமான சொல். ஆனால் ஊருக்குப் புறத்தே சேரி உண்டு என்பதைத் தமிழறிந்தோர் மறத்தற்கில்லை. உடன்படிக்கைக் குழு 2017இல் வெளியிட்ட விளக்கவுரை, நூற்றுக்கு மேற்பட்டோர் தங்கும் இல்லத்தை மட்டுமன்றி ஐந்து முதல் எட்டுப் பேர் தங்கும் சிற்றில்லத்தையும் இவ்வுரிமையின் நிறைவேற்றமாக ஏற்கவில்லை. யாருடன் உண்பது, எப்போது வெளியே செல்வது என்பவற்றைப் பிறர் முடிவுசெய்யும் இடம் தெருவின் நடுவே இருந்தாலும் அது நிறுவனமே. எனவே 'சமூகத்தில் வாழ்தல்' என இடவேற்றுமையால் அமைவதைவிட, 'பிறரோடு பிறராக வாழ்தல்' என உடனிகழ்ச்சிப் பொருளில் அமைவது கருத்துக்கு நெருங்கியது.

சொல்லின் பிழை எத்துணைக் கனமுடையது என்பதைக் காப்பு என்னும் சொற்குடும்பம் காட்டும். காத்தல் என்னும் வினையிலிருந்து காப்பாளர், காப்பகம், பாதுகாவலர், காவல், காவலர் எனப் பல சொற்கள் பிறக்கின்றன. இவற்றுள் பரிவும் அடைப்பும் பிரிக்கவியலாதவாறு கலந்துள்ளன. காப்பு மணிக்கட்டில் கட்டும் மங்கலப் பொருள். பேச்சு வழக்கில் கைவிலங்கும் காப்பே. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அத்தகைய இடங்களைச் செய்திகளும் அலுவல் வழக்கும் காப்பகம் என்றே குறித்தன; இன்றும் அவ்வாறே குறிக்கின்றன. சொல் தீ வைக்கவில்லை என்பது உண்மையே. எனினும் சங்கிலியிட்ட ஓரிடத்தைக் காப்பகம் என அழைப்பதில் கேட்போர்க்கு முரண்பாடு தோன்றாதிருந்தமைக்கு அச்சொல்லின் இரட்டைப் பொருளும் இடந்தந்தது எனலாம்.

'கார்டியன்' என்பதற்குக் காப்பாளர் அல்லது பாதுகாவலர் என்பதே நிலைத்த சொல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இச்சொல்லை விடவில்லை. 'வரம்புடைய காப்பாண்மை' என அதனைச் சுருக்குகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், இருவரும் கலந்து, மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கேற்ப இயங்குவதே அது என விளக்கவும் செய்கிறது. பிற சட்டங்களின்கீழ் முன்னரே அமர்த்தப்பட்ட காப்பாளர்களும் இனி இவ்வாறே இயங்குவோராகக் கருதப்படுவர். ஆனால் அதே பிரிவு, தேவையெனில் 'டோட்டல் சப்போர்ட்' வழங்கலாம் எனவும் கூறுகிறது. இதனை 'முழு ஆதரவு' எனத் தமிழாக்குபவர், முழுக் காப்பாண்மை இனிய பெயரில் திரும்பி வருவதற்கு வழிவிடுகிறார். மூலத்தின் மழுப்பல் தமிழில் மேலும் மழுங்குகிறது. ஆதரவற்றோர் இல்லம் என்ற வழக்கில் ஆதரவு அடைக்கலமாகிவிட்டதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

எழுவாய் குறித்த சிக்கல் இடப்பெயர்களில் இன்னும் கூர்மையடைகிறது. தமிழில் நாம் என்பது கேட்போரை உட்படுத்தும். நாங்கள் என்பது விலக்கும். ஆங்கிலத்தின் 'வி' இரண்டையும் மறைத்து நிற்கும். பெற்றோர் ஒருவர் மகனைப் பற்றி மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழாக்கும்போது 'நாங்கள் முடிவுசெய்தோம்' என எழுதலாம். அந்த நாங்களுள் மகன் இருக்கிறாரா என்பதை அத்தொடர் சொல்வதில்லை. மகனைச் சுட்டும் 'ஹி' என்பதை அவன் எனப் பெயர்ப்பதா, அவர் எனப் பெயர்ப்பதா? முப்பது வயது ஆணும் பெண்ணும் 'சிறப்புக் குழந்தைகள்' எனப்படும் வழக்கில் அவன் என்பதே தானாக விழுகிறது. உரிமைக்காகப் போராடும் அமைப்புகளின் மொழியும் இதற்கு விலக்கன்று. தமிழ்நாடு அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்னும் பெயரில், ஆங்கிலத்தில் பராமரிப்பவர் என்ற பொருளில் உள்ள சொல் தமிழில் பாதுகாப்போர் என்றாகிறது. அச்சங்கத்தின் பணி அளப்பரியது. ஆயினும் ஒரே பெயருள் இருவகையார் உரிமையும் சேர்ந்து நிற்கையில், இருவர் விருப்பமும் மாறுபடும் இடத்தில் சொல் யார் பக்கம் சாயும் என்ற வினா எழாமற் போகாது.

காப்புக்கு மாற்றாகத் துணை என்னும் சொல் பரிந்துரைக்கத்தக்கது. இதற்கும் தடை கூறலாம். துணைவேந்தர் பெயரளவில்தான் துணை. பல்கலைக்கழகத்தை நடத்துபவர் அவரே. தமிழ் இலக்கணமும் எச்சரிக்கிறது. 'முடிவுசெய்து கொடுத்தார்' என்னுமிடத்தில் முதல்வினை எச்சமாகக் குறுகி நிற்க, காலமும் இடமும் பாலும் காட்டும் விகுதிகளைத் துணைவினையே ஏற்கிறது. துணையாக வந்தது தொடரை முடிக்கும் உரிமையைக் கைக்கொள்கிறது. புறநானூற்றின் 28ஆம் பாட்டு உடற்குறையும் மனக்குறையும் உடைய பிறப்புகளை எட்டு எச்சங்களாகத் தொகுத்துள்ளதை இலக்கணம் பயின்றோர் இவ்விடத்தில் நினைவுகூரக்கூடும். குறையெனக் கருதப்பட்டதற்கும் முற்றுப்பெறாத வினைக்கும் தமிழ் ஒரே பெயரை இட்டிருக்கிறது.

ஆயினும் பேச்சு வழக்கு துணைக்குச் சார்பாகவே நிற்கிறது. 'கடைத்தெரு வரைக்கும் துணைக்கு வர்றியா?' எனக் கேட்பவரே போகுமிடத்தை முடிவுசெய்தவர். வருபவர் உடன் நடக்கிறார்; வழியை மாற்றுவதில்லை. 'காவலுக்கு வா' என்பதில் இவ்வுறவு இல்லை. இவ்வழக்கை அடியாகக் கொண்டு 14ஆம் பிரிவின் விளக்கத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்: 'குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட பொருள்பற்றி, மாற்றுத்திறனாளி தம் விருப்பப்படி முடிவெடுக்க, காப்பாளர் அவரோடு கலந்து துணைநிற்பார்.' இத்தொடரில் முடிவெடுத்தல் என்னும் வினை மாற்றுத்திறனாளிக்கும், துணைநிற்றல் என்னும் வினை மற்றவர்க்கும் உரியதாகிறது. காப்பாளர் என்ற சொல் மட்டும் அங்கேயே நிற்கிறது. மூலச்சட்டம் அதனை விடாதவரை மொழிபெயர்ப்பாளர் அதனை அகற்ற இயலாது.