தராசு யார் கையில்?

மலையகச் சிறுகதை பற்றிப் பேசப் புகுவோர் எவரும் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் கதையைத் தொடாது செல்வதில்லை. 1980இல் வெளிவந்த தொகுதிக்குத் தலைப்பாகவும் அமைந்த அக்கதை அச்சிறப்புக்கு உரியதே. அதை நாம் எவ்வாறு படித்து வந்தோம் என்பதே இங்கு வினா.

கதை வாசகர் அறிந்ததுதான். கைதேர்ந்த கொழுந்துக்காரி ஒருத்தி ஏனையோரை விஞ்சிக் கொழுந்தெடுத்து விடுகிறாள். அவள் விரல்களின் வேகத்தை நம்ப மனமற்றவர்கள் கணக்கப்பிள்ளையோடு அவளைச் சேர்த்துப் பேசுகின்றனர். நிறை ஏறியது அவர் தயவாலே என்கின்றனர். மீண்டும் எடுத்துக் காட்டியே அவள் பழியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. பெண்ணின் மானம் வென்ற கதை என்றே மடுல்சீமையில் உள்ள நமது வகுப்பறையிலும் பல ஆண்டுகள் குறிப்புக் கொடுத்து வந்தோம்.

சென்ற தவணையில், லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "கொழுந்தெடுத்தவளைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள், தராசு பிடித்தவரை ஏன் சேர் யாரும் ஒன்றும் கேட்கவில்லை?" என்றாள். அவளுடைய தாயாரும் கொழுந்துக்காரியே. நம்மிடம் விடை இருக்கவில்லை.

அவ்வினாவோடு கதையை மறுபடி படித்தபோது அதன் உயிர் வேறிடத்திலே இருப்பதைக் கண்டோம். கொழுந்தெடுப்பு நுண்ணிய தொழில். இளந்தளிர் எது, முற்றல் எது என்பதைக் கண்ணுக்கு முன்பே விரல் அறிய வேண்டும். சரிவிலே கால் ஊன்றி நிற்க வேண்டும். மழையானாலும் கை ஓயலாகாது. இத்திறனுக்குத் தோட்டம் வழங்கும் ஒரே சான்றிதழ் தராசுமுள். அம்முள்ளோ ஆண்களின் கையில். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பவர் அவர். குறித்த நிறை ஏறாவிடில் அரைப்பேர் போடுபவரும் அவரே. குறைந்தால் அவள் சோம்பேறி, மிகுந்தால் ஒழுக்கங்கெட்டவள்! உழைப்பின் வெற்றியையே ஒழுக்கத்தின் குற்றமாக மாற்றும் இந்தப் பொறிமுறையைக் காட்டியதிலேதான் இராமையாவின் யதார்த்தம் நிற்கிறது. பழி பேசுவோர் துரைமார் அல்லர், உடன் உழைப்பவர்களே என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொழிலாளர் யாவரையும் தூயவராக வரைந்து திருப்தியுறும் நம் முற்போக்கு எழுத்தாளர் சிலர் இத்துணிவைக் கற்றுக்கொள்ளல் நன்று.

எனினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். கதை எழுதப்பெற்ற காலத்திலே பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலியிலும் குறைவாகவே நிருணயிக்கப்பட்டிருந்தது. கவ்வாத்து வெட்டியவர் வேலை முடித்து வீடு திரும்பிய பின்னரும் மலையில் நின்றவளுக்குக் குறைந்த சம்பளம். இரண்டும் சமமானது 1984இலேயே. தன் கூடை நிறைந்ததை நிரூபித்தவள் அந்தக் கூடைக்குரிய கூலியை ஏன் கேட்கவில்லை? கதாசிரியரின் பார்வை பழி துடைக்கப்பட்டவுடன் நின்றுவிடுகிறது. அவள் திரும்பவும் தன் நிரைக்கே போகிறாள், வேறெங்கே போவாள்? கங்காணி ஆண், கணக்கப்பிள்ளை ஆண், தொழிற்சாலை உத்தியோகத்தரும் ஆண். பெண் கங்காணிகள் அண்மைக் காலத்தில் அங்குமிங்கும் தோன்றியோரே. கொழுந்துக்காரிக்குப் பதவி உயர்வு என்பது நாளைக்கு இன்னும் இரண்டு றாத்தல் என்பதுதான்.

தொழிற்சங்கங்களை இவ்விடயத்தில் விதிவிலக்காக்க முடியாது. கோ. நடேசய்யரோடு மேடையேறிப் பாடிய மீனாட்சியம்மையை நினைவுகூர்வோர், அவருக்குப் பின் எத்தனை பெண்களைத் தலைமையில் அமர்த்தினோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சந்தாப் பணம் கொழுந்துக்காரியின் சம்பளத்திலிருந்து தவறாமற் கழிந்துகொண்டே வந்தது. இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1931இல். மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்குகளாற் பாராளுமன்றம் சென்றதோ 2024 நவம்பரில்: பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. இடையிலே தொண்ணூற்று மூன்று ஆண்டுகள். இதற்குக் குடியுரிமைப் பறிப்பை மாத்திரம் காரணங்காட்டித் தப்பிவிட இயலாது. ஆண்கள் அதன் பின்பும் சென்றார்கள் அல்லவா?

நமது குறிப்பேட்டில் 'மானத்தின் வெற்றி' என்றிருந்த தலைப்பை அடித்துவிட்டோம். அந்த மாணவியின் வினாவையே இத்தவணைப் பரீட்சைக்குக் கொடுத்திருக்கிறோம்.