இருமொழிச் சிறுவர் படநூல்களில் திணை மரபு

ஆங்கிலமும் இந்திய மொழியொன்றும் ஒரே பக்கத்தில் இடம்பெறும் சிறுவர் படநூல்கள், தமிழ்த் திறனாய்வின் பார்வைக்குப் பெரிதும் உட்படாத நூல்வகையாகும். சிறுவர் இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பாடலையும் கதையையும் இதழ்களையும் பேசும் அளவுக்குப் படநூலைப் பேசுவதில்லை. இருமொழி நூலோ கல்வித் துணைக்கருவி என்னும் பெயரில் இலக்கிய எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றது. பக்கத்திற்கு ஒன்றிரண்டு தொடர்களே கொண்ட நூலில் ஆராய என்ன இருக்கிறது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் தொடர் சிறிதாகுந்தோறும் அதிலுள்ள வினைமுற்றின் ஈறு பெரிதாகத் தெரியும். அவ்வீற்றை, குறிப்பாக அது சுட்டும் திணையை, முன்வைத்து இந்நூல்வகையை இக்கட்டுரை நோக்குகின்றது.

சென்னையில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்திலும் தமிழ், மலையாளம் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டுள்ளது. ஆங்கிலத்தையும் ஓர் இந்திய மொழியையும் ஒருங்கே அமைக்கும் இருமொழி நூல்வரிசையும் அதற்கு உண்டு. பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தின் வழியே படக்கதைகளைத் திறந்த உரிமத்தில் அளித்தது. இதனால் ஒரே படத்திற்குப் பன்மொழிப் பனுவல்கள் உருவாவது எளிதாயிற்று. இத்தகைய பதிப்புகளின் ஆக்கமுறை கருதத்தக்கது. படங்கள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்து மட்டுமே மாறும். எழுத்துக்கென ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் முதலில் எழுதப்பட்ட மொழியின் அளவுக்கு ஏற்ப அமைந்துவிடும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழின் நீண்ட சொற்கள் அவ்விடத்துள் அடங்க வேண்டுமெனின் எழுத்தின் அளவு குறைய வேண்டும், அன்றேல் தொடர் சுருங்க வேண்டும்.

மொழிபெயர்ப்பை வழிநூலின் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் குறிப்பிடுகின்றது. வழிநூலைப் பயில்வோன் முன் முதனூல் விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் அர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி ஆசிய ஜோதியைப் படைத்தபோது அது தமிழ்ப் பாட்டாகவே பயிலப்பெற்றது. மூலம் அருகில் நின்று அடிதோறும் கணக்குக் கேட்கவில்லை. இருமொழிப் பக்கத்தில் அவ்விடுதலை இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் ஆங்கிலச் சொல்லின்மேல் ஒரு விரலும் தமிழ்ச் சொல்லின்மேல் ஒரு விரலும் வைத்து நிகரன் காட்டுவர். நிகரன் கிடைக்காத இடம் மொழிபெயர்ப்பாளரின் பிழையாகத் தோன்றும்.

இந்நெருக்கடி மிகத் தெளிவாகப் புலப்படுவது விலங்குக் கதைகளிலேயாம். அசோக் ராஜகோபாலன் எழுதி ஓவியமும் தீட்டிய கஜபதி குலபதி (2010) பல மொழிகளில் வெளிவந்த படநூல். சளி பிடித்த பெரிய யானையின் பெருந்தும்மலே அதன் கதை. ஆங்கிலத்திலும் அப்பெயர் அதே எதுகையோடு நிற்பதால் முதல் எது, வழி எது என்னும் வினாவையே இந்நூல் மங்கச் செய்துவிடுகின்றது. (தொடக்க நிலை வாசகர் ஜகர எழுத்தை அறிவதற்கு முன்பே யானையின் பெயரைப் படிக்க வேண்டியிருப்பது தனிச் சிக்கல்.) பெயரிடப்பட்ட விலங்கு 'ஹீ', 'ஷீ' என்னும் சுட்டுப்பெயர்களை எளிதில் ஏற்பது ஆங்கிலக் கதை வழக்கு. இறந்தகால வினையோ எப்பாலுக்கும் மாறாது நிற்கும். தமிழில் யானை தும்மியதா, தும்மினானா, தும்மினாரா என்று முடிவு செய்யாமல் ஒரு தொடரையும் முடிக்க இயலாது. தும்மியது எனின் யானை யானையாகவே நிற்கும். தும்மினான் எனின் அது கேட்கும் குழந்தையின் ஒத்த வயதினனாகும். தும்மினார் எனின் ஊர்ப்பெரியவர் ஒருவர் தெருவில் தும்மியதைக் கண்ட நகைச்சுவை பிறக்கும். படம் ஒன்றே, ஈறு மாறக் கதையும் மாறிவிடுகின்றது.

உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை நன்னூல் அமைதியாகக் கொள்கின்றது. ஆகவே யானையை உயர்திணையாக்குவதற்கு இலக்கணத் தடை இல்லை; காரணம் ஒன்று வேண்டும், அவ்வளவே. ஆங்கிலச் சுட்டுப்பெயருக்கு ஈடு காட்டுதல் அக்காரணங்களுள் ஒன்றன்று. பாட்டி சொல்லும் கதையில் நரியும் காக்கையும் ஒன்றையொன்று அண்ணா, மாமா என முறைவைத்து விளிக்கும். கதை சொல்லும் குரலோ 'ஒரு நரி இருந்ததாம்' என்று அஃறிணையிலேயே செல்லும். விளியில் உயர்திணை, எடுத்துரைப்பில் அஃறிணை என்னும் இவ்விரட்டை நிலையால், விலங்கை மனிதனாக்காமலேயே அதனோடு உறவு கொள்ளத் தமிழ்க் கதைமரபுக்கு முடிந்தது. எல்லா விலங்குகளையும் ஒரே சீராக 'அவன்' என்றோ 'அவள்' என்றோ ஆக்கும் பனுவல் இந்நுட்பத்தை இழந்துவிடுகின்றது.

மற்றொரு அடையாளமும் உண்டு. 'பூனை வந்தது. பால் குடித்தது. தூங்கிவிட்டது' என்பது இயல்பான தமிழ். எழுவாயை வினையீறே தாங்கி நிற்பதால் அதனை மீண்டும் கூற வேண்டியதில்லை. 'பூனை வந்தது. அது பால் குடித்தது. அது தூங்கிவிட்டது' எனத் தொடர்தோறும் சுட்டுப்பெயர் முளைக்குமானால் அங்கே மொழிபெயர்ப்பாளரின் செவியில் ஆங்கிலமே ஒலித்துக்கொண்டிருந்தது எனத் துணியலாம். விரல் வைத்து நிகரன் காட்டுவோர்க்கு இந்த 'அது' மிகவும் வசதியானது, தீமையும் அதுவே.

இச்சிக்கல் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குழந்தையைத் தமிழகக் குழந்தையினும் ஆழமாகத் தொடுகின்றது. கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டது. தெருவிலும் வகுப்பிலும் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம் என அமைந்த குழந்தைக்கு அச்சிட்ட தமிழ் எதிர்ப்படும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று இவ்விருமொழிப் படநூல். மலையாள வினைமுற்று திணை, பால், இட ஈறுகளைக் கொள்வதில்லை. அவ்வீறுகள் ஒழிந்ததைப் 'புருஷபேத நிராசம்' எனப் பெயரிட்டு, தமிழினின்று மலையாளம் வேறுபட்ட ஆறு நெறிகளுள் ஒன்றாகக் கேரள பாணினீயத்தில் விளக்கியவர், இந்நகரில் பேராசிரியராக விளங்கிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா. யானை 'தும்மி' என்பதோடு மலையாளத் தொடர் முடிந்துவிடும். ஆங்கில வினையிலும் பால் ஈறு இல்லை. மலையாள வினையிலும் இல்லை. இக்குழந்தை அறியும் மும்மொழிகளுள் வினையிலேயே திணை காட்டுவது தமிழ் ஒன்றே. அதனைக் காட்ட வேண்டிய பக்கம் ஆங்கிலத்தின் நிழலில் திணையைத் தேர்வு செய்யுமாயின், தமிழுக்கே உரிய பண்பு தமிழ் வரியிலிருந்தே மறையும்.

தொலைவிலுள்ள ஒரு மொழியில் இதற்கு ஒப்புமை கிடைக்கின்றது. உகாண்டாவில் 2007 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வட்டார மொழிகளைப் பயிற்றுமொழியாக்கியது. 2014இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் திட்டம் ஆங்கிலத்தோடு லுகாண்டா முதலிய மொழிகளிலும் படக்கதைகளை அளித்தது. பாண்டு மொழியாகிய லுகாண்டா பெயர்ச்சொற்களைப் பல வகுப்புகளாகப் பகுத்து, வினையையும் அவ்வகுப்புக்கு இயையச் செய்யும். யானை அம்மொழியில் 'என்ஜோவு'. கதையில் பாத்திரமாகும்போது 'வன்ஜோவு'. நாட்டார் கதைகளின் சூழ்ச்சிக்கார முயல் 'வாகயிமா'. முன்னொட்டுப் பெற்ற விலங்கு மக்கட்பெயருக்குரிய வினை இயைபைக் கொள்ளும். விலங்கை உயர்திணையாக்கும் வழி அம்மொழியின் கதைமரபிலேயே வகுக்கப்பட்டிருப்பதால், ஆங்கில வரியில் எச்சுட்டுப்பெயர் நின்றாலும் லுகாண்டா வரிக்கு அது பொருட்டன்று. தமிழின் விளிமரபும் வழுவமைதியும் இதற்கு நிகரான வளங்களே. அவற்றை நாடாமல் பக்கத்தின் மேல்வரியை நாடுவதே குறை.

இவ்வளத்தைக் கையாண்ட முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. பசுவையும் கன்றையும் பற்றிக் கவிமணி பாடிய குழந்தைப் பாடலில் அஃறிணை வினைமுற்றுகள் பேச்சுவழக்கின் வடிவில் அமைந்துள்ளன. பசு மனிதத் தாயாக மாற்றப்படவில்லை; ஆயினும் தாய்மை முழுவதும் அவ்வினைகளில் வெளிப்படுகின்றது. எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு என்னும் பூசலும் அங்கே எழுவதில்லை. ஆசிரியர்களும் அப்பாடலைத் தயக்கமின்றிக் கற்பிக்கின்றனர். அதே வினைமுற்றுகள் இருமொழிப் படநூலொன்றில் ஆங்கிலத் தொடரின் கீழ் அச்சேறுமாயின், கொச்சை எனத் திருத்தப்படுவதற்கே வாய்ப்பு மிகுதி.