திரும்பப் பெற்ற சம்மதம்

2022 நவம்பர் 22ஆம் தேதி, சின்ன நிக்கோபார், பெரிய நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினர் மன்றம் ஒரு கடிதம் எழுதியது. பெரிய நிக்கோபாரில் வரவிருக்கும் துறைமுகத் திட்டத்துக்கு ஆகஸ்டில் தான் கொடுத்த தடையில்லாச் சான்றைத் திரும்பப் பெறுவதாகச் சொன்ன கடிதம் அது. முன்னோர் வாழ்ந்த ஊர்களும் திட்டப் பகுதிக்குள் போகின்றன என்பது கையெழுத்திட்டபோது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். அதற்குப் பதினோரு நாள் முன்னதாகவே கலாத்தியா விரிகுடாத் துறைமுகத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டது. இந்தத் திட்டத்தைப் பற்றி ஆமை, பவளம், நிலநடுக்கம் என்று கேள்விகள் பல. இங்கே ஒன்றை மட்டும் எடைபோடலாம்: ஆகஸ்டில் கிடைத்தது சம்மதம்தானா?

மணலூர்பேட்டையில் உட்கார்ந்து இதைக் கேட்கக் காரணம் உண்டு.  எங்களுக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலைதான் அந்தக் காரணம். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. தம் நிலத்தைப் பற்றி வேறு யாரோ பேசி முடிப்பது எப்படியிருக்கும் என்று அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பட்டாவுக்காக நம்பியிருக்கும் அதே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான் பெரிய நிக்கோபாரின் பழங்குடிகளான நிக்கோபாரிகளுக்கும் ஷோம்பென்களுக்கும் உரியது.

முதலில் அரசின் தரப்பு. அது லேசானதல்ல. சர்வதேசக் கப்பல் தடத்திலிருந்து ஏறக்குறைய 40 கடல் மைலில் இருக்கிறது பெரிய நிக்கோபார். இந்தியாவின் மாற்றுக்கப்பல் சரக்கில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் போன்ற அயல்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கி ஏறுகிறது. அந்த வருமானம் இங்கே வரட்டும் என்பது நியாயமான ஆசை. மலாக்கா நீரிணையின் வாயில் காவல் வேண்டும் என்பதும் அப்படியே. 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அனுமதிகளில் தலையிட மறுத்து, சில குறைகளை மறுபடி பார்க்க ஒரு குழுவை அமைத்ததோடு நின்றது. ஆனால் அவசரம் என்ற வாதம் இன்று தேய்ந்திருக்கிறது. அதே சரக்கைக் குறிவைத்த விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகப் பணியைத் தொடங்கிவிட்டது.

இனி சம்மதம். சுனாமிக்குப் பின் கேம்பல் பே பக்கம் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரிகள், என்றாவது ஒருநாள் பழைய கரைக்குத் திரும்புவோம் என்றே காத்திருந்தவர்கள். 166 சதுர கிலோமீட்டர் திட்டத்தின் எல்லை எதுவரை என்று தெரியாமல் அவர்கள் இட்ட கையெழுத்தை விவரமறிந்த ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? ஷோம்பென்களின் நிலை இன்னும் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் 229 பேர். பெரும்பாலோர் வெளியாரோடு தொடர்பைத் தவிர்ப்பவர்கள். அவர்களுக்காக யார் கையெழுத்திட்டாலும் அது அவர்களுடைய கையெழுத்து ஆகாது. பெருந்திட்டம் எதுவானாலும் ஷோம்பென்களின் நலனுக்கே முன்னுரிமை என்று 2015இல் கொள்கை வகுத்ததும் இதே அரசுதான்.

பழங்குடியினர் வேண்டாமென்றால் எதுவுமே நடக்காதே என்பார்கள். நம் நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அதனால் நாட்டின் தொழில் எதுவும் நின்றுபோகவில்லை.

கப்பலையே மையமாகக் கொண்ட ஒப்பீடு கனடாவில் கிடைக்கிறது. டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய் விரிவாக்கத்துக்குக் கொடுத்த ஒப்புதலை 2018 ஆகஸ்டில் அங்குள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் இரண்டு: பழங்குடி மக்களோடு நடந்த கலந்தாலோசனை போதாது; குழாயால் கூடப்போகும் கப்பல் போக்குவரத்தை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டது தவறு. மறுபடி பேசினார்கள், 2019இல் மறுபடி ஒப்புதல் கொடுத்தார்கள், 2024இல் எண்ணெயும் ஓடியது. ஆகவே கனடாவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அங்கும் கடைசியில் குழாய்தான் வென்றது. ஆனாலும் சரியாகக் கேட்காததற்காக அனுமதி ஒருமுறை விழுந்தது. பெரிய நிக்கோபாரில் அந்த ஒருமுறையும் இல்லை.

கடல் காப்பு என்ற பெயரில் நடப்பதும் இதே கதைதான். துறைமுகத்துக்காக 2021இல் கலாத்தியா விரிகுடா சரணாலயத் தகுதியை இழந்தது. ஈடாக, சின்ன நிக்கோபாரில் தோணியாமைக்கும், மெரோவில் பவளத்துக்கும், மென்சாலில் மெகபோட் பறவைக்கும் சரணாலயங்கள். அந்தத் தீவுகளைத் தலைமுறைகளாகத் தம் முறைப்படி காத்துவந்தவர்களிடம் கேட்காமலே வரைந்த எல்லைகள் அவை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கிய பிறகு, பாசி எடுக்கும் பெண்கள் வழக்கமான இடத்துக்கே அஞ்சி அஞ்சிப் போக நேர்ந்ததைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கப்பலுக்கு இடம் கொடுத்தாலும் ஆமைக்கு இடம் கொடுத்தாலும், எழுந்து போகச் சொல்வது ஒரே ஆட்களைத்தான்.

மன்றத்தின் கடிதத்தில் ஒரு பலவீனமும் உண்டு: சான்று கொடுத்ததும் அதே மன்றம்தான். அப்போதே கேட்டிருக்கலாமே என்று சொல்லலாம். ஆனால் வரைபடத்தைக் கையில் வைத்திருந்தது நிர்வாகம். எல்லை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடந்த பேச்சில், தெரியாதவர் தலையிலேயே குற்றத்தைச் சுமத்துவது வழக்குமன்றத் தந்திரம். அதில் நியாயம் கிடையாது.

ஆகவே முடிவு இது. பெரிய நிக்கோபாரில் துறைமுகமே வரக்கூடாது என்று இந்த எடைபோடல் நிறுவவில்லை. அதை நிறுவ வேறு வாதங்கள் வேண்டும். இப்போதுள்ள அனுமதியின் கீழ் சம்மதம் இல்லை என்பதை மட்டும் நிறுவுகிறது. கோப்பை 2022 ஆகஸ்டுக்குத் திருப்ப வேண்டும்: நிக்கோபாரி மொழியில் எழுதிய வரைபடம், போதிய அவகாசம், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை. ஷோம்பென்களின் காட்டைப் பொறுத்தவரை, கேட்க வழியில்லாத இடத்தில் எடுக்கவும் வழியில்லை என்பதே விதியாக வேண்டும். அதுவரை நடப்பில் இருப்பது நவம்பர் 22ஆம் தேதிக் கடிதம்தான்.