கொலுமண்டபத்தில் ஒரு கேள்வி

கோல் பாம்பாயிற்று! கடல் பிளந்தது! கொடியோன் மூழ்கினான்! மூசா நபியின் கதை என்றதும் பலர் நெஞ்சில் நிழலாடுவன இம்மூன்று காட்சிகளே. கேட்கிறார்கள், வியக்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள். வியப்பு ஓய்ந்ததும் கதையும் ஓய்ந்துவிடுகிறது. நாம் கேட்கிறோம்: இக்கதையின் உயிர் அந்தக் கோலிலா இருக்கிறது?

திருக்குர்ஆனில் மிகுதியாகப் பெயர் சுட்டப்படும் மனிதர் மூசாவே. எகிப்திய வேந்தன் பிர்அவ்னை அவர் எதிர்த்து நின்ற வரலாறு அங்கே ஒரே தொடராக அமையவில்லை. 7, 20, 26, 28, 40 எனப் பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படிப்போர் காண்பது ஒரு பெரும் வாதப்போர்!

அற்புதங்களை நம்புவோர் நம்பட்டும். நாம் நம்பாததை மறைக்கவும் வேண்டியதில்லை. 1896-இல் தீப்ஸ் நகரில் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த மெர்னெப்தா கல்வெட்டில் இஸ்ரவேல் என்னும் பெயர் உண்டு. கடல் பிளந்த செய்தி இல்லை. பிர்அவ்ன் என்பதோ எகிப்திய மன்னர்களுக்கு வழங்கிய பட்டம். எந்த மன்னன் என்று குர்ஆன் பெயர் கூறவில்லை. ஆகவே அவனை ஆணவத்தின் வடிவமாகவே கொண்டு, ஆராய்வோம்.

அவன் ஆண்ட முறை என்ன? 28-ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே விடை தருகிறது. நாட்டு மக்களைப் பிரிவு பிரிவாக்கினான், ஒரு பிரிவை நசுக்கினான், அவர்தம் ஆண்மக்களைக் கொன்றான், பெண்மக்களை விட்டுவைத்தான். கொடுமைப் பட்டியலில் கொலைக்கு முன்னரே பிரிவினை வருகிறது, கவனித்தீர்களா? பிரித்த பிறகுதானே நசுக்க முடியும்! ஒருவன் அழும்போது அடுத்தவன், அது அவன் வீட்டு அழுகை என்று எண்ணவேண்டுமே!

அந்த அவைக்குள் மூசா நுழைகிறார். படை இல்லை, பொருள் இல்லை, நாவன்மையும் இல்லை. நாவின் முடிச்சு அவிழ வேண்டுமென்று வேண்டியவர் அவர். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் ஹாரூனைத் துணைக்குக் கேட்டவர். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையோ, அவனிடம் மென்மையாகப் பேசுங்கள் என்பது!

மன்னன் முதலில் நன்றிக்கடனை நீட்டுகிறான். குழந்தைப் பருவத்தில் வளர்த்ததைச் சொல்லிக் காட்டுகிறான். மூசாவின் கையால் நேர்ந்த பழைய கொலையையும் கிளறுகிறான். மூசா தம் பிழையை ஒப்புக்கொள்கிறார். வளர்த்த கணக்குக்கோ எதிர்க்கணக்கு வைக்கிறார்: ஓர் இனத்தையே அடிமையாக்கியவன், அதில் ஒரு பிள்ளைக்குச் சோறிட்டதை அறம் எனச் சொல்வதா? மன்னனிடம் மறுமொழி இல்லை. அவையோரைத் துணைக்கு அழைத்து ஏளனம் செய்கிறான், பித்தன் என்கிறான், முடிவில் சிறை என்கிறான். நன்றிக்கடன், நகைப்பு, பழிச்சொல், சிறை! சர்வாதிகாரியின் தருக்க நூலில் இந்நான்கைத் தவிர வேறு பாடம் ஏது?

அடுத்து மந்திரவாதிகள் வருகின்றனர். வந்ததும், வென்றால் கூலி உண்டா என்று கேட்கின்றனர். கூலியும் உண்டு, நம் அருகில் இடமும் உண்டு என்கிறான் மன்னன். திருநாளன்று முற்பகலில், மக்கள் திரண்டிருக்கப் போட்டி நடக்கிறது. எது வித்தை, எது வித்தையன்று என அறிய அத்தொழில் வல்லாரைவிடத் தகுதியுடையோர் யார்? தோல்வியை ஒப்புகின்றனர், மூசாவின் பக்கம் சேர்கின்றனர். அப்போது மன்னன் கேட்பதென்ன? நீங்கள் கண்டது மெய்யா என்று கேட்டானா? இல்லை, நான் அனுமதி தருமுன் எப்படி நம்பினீர்கள் என்று சீறுகிறான்!

இதுவே கதையின் உயிர்நிலை என்போம். உடலை ஆண்டவன் உள்ளத்திற்கும் அனுமதிச் சீட்டு வழங்க நினைத்தான். மாறுகை, மாறுகால் வெட்டிப் பேரீச்ச மரத்தில் அறைவேன் என்று மிரட்டுகிறான். போட்டிக்கு முன் கூலி கேட்ட அதே வாய்கள், செய்வதைச் செய்துகொள், உன் அதிகாரம் இவ்வுலக வாழ்வோடு சரி என்கின்றன! யாத்திராகமத்தில் வரும் எகிப்திய மந்திரவாதிகள், இது கடவுளின் விரல் என ஒப்புவதோடு நின்றுவிடுகின்றனர். குர்ஆனிலோ கூலியாட்கள் கொள்கை வீரராகின்றனர்.

40-ஆம் அத்தியாயத்தில் அரச குடும்பத்தான் ஒருவனே எழுகிறான். ஒரு சொல் சொன்னதற்காக ஒருவரைக் கொல்வதா, பொய்யானால் அது அவரையே சேராதா என்று வாதாடுகிறான். நான் காண்பதையே உங்களுக்குக் காட்டுகிறேன் என்கிறான் மன்னன். நாட்டுக்கே ஒரு கண். அதுவும் அவன் கண்! 43-ஆம் அத்தியாயம் மக்களையும் விட்டுவைக்கவில்லை. அவன் அவர்களை இலேசாக எண்ணினான். அவர்கள் கீழ்ப்படிந்தார்கள் என்கிறது. பணிந்த முதுகும் குற்றத்தில் பங்காளியே.

இப்பாடத்தை மறந்தால் கேடு விளையும். 1981 அக்டோபர் 6-இல் கெய்ரோ அணிவகுப்பில் எகிப்திய அதிபர் அன்வர் சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றோரில் முதல்வனான காலித் இஸ்லாம்புலி, பிர்அவ்னைக் கொன்றேன் என்று கூவியதாகச் செய்திகள் பதிந்தன. பெயரை எடுத்துக்கொண்டார்கள், மென்மொழியை விட்டுவிட்டார்கள்! மூசா அவைக்குள் கொண்டு சென்றது கேள்வியை. இவர்கள் கொண்டு சென்றது குண்டை. வினவ வேண்டிய இடத்தில் சுடுபவன் பிர்அவ்னின் பாடசாலையில் பயின்றவனே.

கதையின் முடிவில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. கொடுங்கோலனைக் கடல் விழுங்குகிறது. நம் காலத்துக் கொடுங்கோலருக்குக் கடல் வராது. வரும் என்று கரையில் காத்திருப்போர், காத்திருந்தே அடிமையாவர். ஆனால் இஸ்லாமிய மரபே அக்குறைக்கு மருந்தும் வைத்திருக்கிறது: அநீதி ஆள்வோன் முன் நீதி உரைப்பதே சிறந்த அறப்போர் என்பது நபிமொழி. கடல் பிளக்க நம்மால் ஆகாது. வாய் திறக்க ஆகும். எண்ணுவதற்கு எவனிடமும் அனுமதி கேளோம் என்ற அந்த மந்திரவாதிகளின் துணிவு, கோலின்றியும் கைகூடும் அற்புதம்!