கேள்வி கேட்கும் உரிமை: ஒரு துப்பறியும் நாவல் பற்றி

துப்பறியும் நாவலைத் தமிழ் விமர்சகர் பெரும்பாலும் பொழுதுபோக்கு எழுத்தென்றே ஒதுக்கி வந்துள்ளனர். ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதை இவ்வகை நாவலைப் போல் வெளிப்படையாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. வஸீம் கான் ஆங்கிலத்தில் எழுதி 2020 இல் வெளியான 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' என்னும் நாவல் இந்நோக்கில் ஆராயத்தக்கது.

1949 டிசெம்பர் 31 இரவு. பம்பாயில் ஆங்கில இராசதந்திரி சேர் ஜேம்ஸ் ஹெரியட் தம் மாளிகையில் விருந்து நடக்கையிலேயே கொல்லப்படுகிறார். வேண்டாதவரையெல்லாம் தள்ளிவைக்கும் மலபார் ஹவுஸ் பொலிஸ் நிலையத்திற்கு அவ்வழக்கு வருகிறது. அங்கு கடமையிலிருப்பவள் பேர்சிஸ் வாடியா; இந்தியாவின் முதற் பெண் இன்ஸ்பெக்டராக ஆசிரியர் புனைந்த பாத்திரம். (மெய் வரலாற்றில் இந்தியப் பொலிஸ் சேவையில் கிரண் பேடி முதற் பெண்ணாகச் சேர்ந்தது 1972 இல், இலங்கைப் பொலிசிற் பெண்கள் சேர்க்கப்பட்டது 1952 இல்.)

சக உத்தியோகத்தரின் ஏளனத்தையும், மணமுடித்து வைக்கத் துடிக்கும் உறவினரின் நச்சரிப்பையும் ஆசிரியர் கூர்மையாகவே வரைந்துள்ளார். ஆங்கிலத் தடயவியலாளர் பிளாக்ஃபின்ச்சின் மீது முளைக்கும் ஈர்ப்பு கதைக்குப் பெரிதும் தேவையில்லை. நாவலின் வலிமை வேறிடத்திலுள்ளது. பிரிவினைக் காலக் கொடுமைகளை விசாரிக்கும் பணி ஹெரியட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவ்விழையைப் பற்றிச் செல்கையில், ஒரு மாளிகைக் கொலை ஒரு தேசத்தின் இரத்தக் கணக்காக விரிகிறது.

ஆனால், பெண் என்பதால் அடைபடும் கதவுகளைக் காட்டும் ஆசிரியர், வர்க்கம் திறந்துவிடும் கதவுகளை அந்த அளவிற்குக் காட்டவில்லை. பேர்சிஸ் புத்தகக்கடை நடத்தும் பார்சித் தந்தையின் மகள். ஆங்கிலம் அவளுக்கு வீட்டுமொழி போன்றது. சீமான்களின் வரவேற்பறையில் அவள் கேள்வி கேட்க முடிவது பதவியால் மட்டுமன்று.

நாவல் தொடங்கும் வேளை, இந்தியா 1950 ஜனவரி 26 இற் குடியரசாகக் காத்திருந்தது. மலையகத் தமிழருட் பெரும்பாலோரோ 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, மறு ஆண்டு வாக்குரிமையையும் இழந்திருந்தனர். அவ்விரவிலேயே நானுஓயாவில் ஒரு துரை தம் பங்களாவிற் கொல்லப்பட்டிருந்தால், லயத்துப் பெண் அங்கே சாட்சியாகவோ சந்தேகத்திற்குரியவளாகவோ மட்டுமே நின்றிருப்பாள். அவள் தமிழிற் சொன்னதை அன்று ஆங்கிலத்திலும், 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் பெரும்பாலும் சிங்களத்திலும் எழுதியிருப்பர். தன்னால் வாசிக்கவியலாத அவ்வாக்குமூலத்தின் கீழ் அவள் கைநாட்டு வைத்திருப்பாள்.