மாலு என்றால் மீன்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, தை மாத அறுப்புக் களத்தில், மூங்கில் கம்பில் தொங்கிய டிரான்சிஸ்டர் வழியாகத்தான் ‘சுராங்கனி’ எங்களுக்கு வந்து சேர்ந்தாள். பாட்டில் வரும் ‘மாலு’ அவளுடைய தங்கை என்று அண்ணன் அடித்துச் சொன்னான். நம்பினேன். சிங்களத்தில் மாலு என்றால் மீன் என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன வாரம் கைபேசியில் தேடிப்பிடித்து, அடுத்தடுத்து ஐந்தாறு முறை கேட்டேன். பிள்ளைப் பிராயத்து மயக்கத்தைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்கத்தான்.

கோடியக்கரைக்குத் திருச்சியைவிட யாழ்ப்பாணம் கிட்டம். வானொலியின் மத்திய அலை கடல்நீருக்கு மேல் அவ்வளவாகத் தேய்வதுமில்லை. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது ஜனங்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்த முள் முழுசாகத் திரும்பவில்லை. நிலையத்தின் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று மாறியும் எங்களுக்கு அது ‘சிலோன் ரேடியோ’தான். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் உறவுக்காரர்கள் மாதிரி.

‘சுராங்கனி’ மாதிரிப் பாட்டுகளை இலங்கையில் ‘பொப்’ என்பார்கள். உள்ளே ஓடுவது பைலா. போர்த்துக்கீசியர் காலத்துக் கலப்பில் பிறந்து, சிங்களத்தில் வேரூன்றிய துள்ளல் தாளம். ஆறு எண்ணிக்கையில் உருளும் அதன் நடை, கும்மியடித்துப் பழகிய காதுக்கு வெளியூர்ச் சரக்காகத் தோன்றவே இல்லை. களத்தில் கதிரடித்த பெண்கள் ஒரே வாரத்தில் பாடியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மேனாட்டு மெட்டைக் கேட்டு முகம் சுளித்த சங்கீத ரசிகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தின் மெட்டுகளுக்கு ‘நோட்டுஸ்வர’ சாகித்தியம் செய்தவர். இரவல் மெட்டு காவிரிக்கரைக்குப் புதிதல்ல.

‘சுராங்கனி’யின் பெரிய பலம், ஒரே மூச்சில் சிங்களமும் தமிழும் பாடியது. 1956-இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்த நாட்டில் அது சாதாரண விளையாட்டல்ல. ஆனால் மெச்சுவதற்கும் அளவு உண்டு. மீன், கள்ளுக்கடை, மாமி மகள் என்ற மூன்று சங்கதிகளைச் சுற்றியே இந்தப் பாட்டுகள் வட்டமடிக்கின்றன. சேர்ந்தாற்போல் பத்துப் பாட்டு கேட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. பெண் எப்போதும் கேலிக்கு ஆளாகிறவள், அல்லது தேடப்படுகிறவள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ மட்டும் எனக்கு விதிவிலக்கு. பையன் கேட்க, மாமி பதில் சொல்ல, யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு அப்படியே நாடகமாகிறது. மாமிக்கும் வாய் இருக்கிறது என்பதே அதன் அழகு.

1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. நல்ல குரல்தான், ஆனால் அதோடு அது சினிமாப் பாட்டாகிவிட்டது. மேடைமேடையாக அதைப் பாடிப் புகழ் சேர்த்த ஏ.ஈ. மனோகரனை, ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் படத்து வில்லனாகத்தான் எங்கள் ஊர் அடையாளம் கண்டது. 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார். இப்போது கல்யாண மண்டபங்களில் ஒலிக்கும் ‘ரீமிக்ஸ்’ இன்னும் மோசம். ஆறின் உருளலை நாலில் வெட்டி, மிஷின் தாளத்தில் ஆணியடித்து வைக்கிறார்கள். ஆட முடிகிறது, சிரிக்க முடியவில்லை.

பழையதைத் தேடிக் கேட்பதில் ஒரு சங்கடமும் உண்டு. அன்று அது எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது பாதிப் பாட்டு அலையில் மூழ்கும், மீதியை நாங்களே இட்டுக்கட்டுவோம். இன்று முழுசாக, சுத்தமாக, நினைத்த நேரத்தில் கிடைக்கிறது. ஐந்தாம் முறை கேட்டபோது எனக்கு அலுத்துவிட்டது. ‘சின்ன மாமியே’ அலுக்கவில்லை.

அதை நித்தியின் குரலிலேயே ஒருமுறை கேளுங்கள். இயர்போன் வேண்டாம். திண்ணையில் வைத்து, வீட்டில் மாமி யாராவது இருக்கும்போது.