ஈற்றயலடியில் நிற்கும் உவமை

சங்க அகப்பாடலில் வரும் மீனும் பறவையும் மரமும் யார் யாரைக் குறிக்கின்றன என்று சொல்லிவிட்டால் பாடல் விளங்கிவிட்டதாக நம்பப் பழகியிருக்கிறோம். பள்ளிப் பாடநூலிலிருந்து ஆய்வேடு வரை உள்ளுறை இப்படித்தான் விளக்கப்படுகிறது: இடப்பக்கம் கருப்பொருள், வலப்பக்கம் அது சுட்டும் ஆள். தமிழ்க் கவிதை கண்டடைந்த மிக நுட்பமான வழி ஒன்றை இந்த அட்டவணை பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஒரு காட்சி எந்த அடியில், எந்தச் சொல்லுக்கு முன்னால், எத்தனை சீரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளுறையின் முழு வலிமை தெரியும். அதன் குறைகளும் அப்போதுதான் தெரியும்.

குறுந்தொகையின் 8ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடி. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து உதிரும் பழத்தைக் குளத்து வாளை கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊர் அவனுடையது. எங்கள் வீட்டில் வந்து பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், எதிரே நிற்பவர் கை தூக்கினால் கையும் கால் தூக்கினால் காலும் தூக்குகிற கண்ணாடிப் பாவையாகி, மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான். பாடலின் செய்தி இவ்வளவுதான்.

பழம் தானே விழுந்தது, மீன் மரமேறிப் பறிக்கவில்லை; ஆகவே நான் அவனை மயக்கவில்லை, அவனாக வந்தான் என்கிறாள் பரத்தை. வழக்கமாகச் சொல்லப்படும் உள்ளுறை இது. சரியான விளக்கம்தான். ஆனால் பாடலின் கூர்மை இதில் அடங்கிவிடவில்லை. பழமும் மீனும் வரும் முதல் இரண்டு அடியும் ஒரு நீண்ட பெயரெச்சத் தொடராக ஓடி 'ஊரன்' என்ற ஒற்றைப் பெயரில் போய் முட்டுகின்றன. காட்சி முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் ஆள் வருகிறான். அவனைப் பற்றி அவள் இன்னும் ஒரு குற்றமும் சொல்லவில்லை, ஆனால் நமக்கு அவனைத் தெரிந்துவிட்டது. கழனி, பழனம் என்று அடுத்தடுத்த அடிகள் எதுகையால் கட்டப்பட்டிருப்பதால் மரம் நிற்கும் இடமும் மீன் கிடக்கும் இடமும் காதிலேயே ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாம் அடியைப் பாருங்கள். அதன் தொடக்கத்தில் பரத்தையின் வீடு, முடிவில் தலைவனின் வீடு, நடுவில் அவன் பேசிய பெரும்பேச்சு. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓசை. அவன் இங்கிருந்து அங்கே போகும் தூரம் நான்கு சீர்தான். அடுத்த அடியில் 'தூக்கு' என்னும் வினை அடுத்தடுத்து இரண்டு உருவில் வருகிறது: முதலில் எதிரே நிற்பவர் அசைவு, உடனே பாவையின் அசைவு. சொல்லே கண்ணாடியாகிவிட்டது.

அதன் பிறகு வருவதுதான் நான் மிகவும் வியக்கும் இடம். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வர வேண்டும் என்பது விதி. நான்கு சீராக நடந்துவந்த பாட்டு அங்கே ஒரு சீர் குறைந்து நிற்கும். முடிவு நெருங்கிவிட்டது என்று கேட்பவருக்குத் தெரியும். வங்கனார் அந்தக் குறுகிய அடியைக் கண்ணாடிப் பாவைக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். உவமை அங்கே தனியாக நிற்கிறது. பிறகு கடைசி அடியின் கடைசிச் சொல்லாக, ஏகாரத்தோடு, 'தாய்' வருகிறாள். தலைவி என்றோ மனைவி என்றோ பரத்தை அவளைச் சொல்லவில்லை, அவன் பிள்ளைக்குத் தாய் என்கிறாள். அவனுக்கு அந்த வீட்டில் என்ன கட்டு என்பதும் தனக்கு எது இல்லை என்பதும் அந்தச் சொல்லில் ஒருசேர வந்து விழுகின்றன. வசை பாடலின் நடுவில் வந்திருந்தால் இந்த வலி வந்திருக்காது.

இனி குறை. உள்ளுறைக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்தான் நிலைக்களன் என்று சொல்லும் தொல்காப்பியம், அதைக் குறியறிந்தோர் கூற்றாகவே சொல்கிறது. குறி அறியாதவருக்குக் கதவு திறப்பதில்லை என்பது அன்றே தெரிந்திருக்கிறது. குறியை அறிந்தவர் என்ற பெருமை உரையாசிரியருக்குப் போய்ச் சேர்ந்ததும், பாட்டின் சொல்வரிசை அவருக்குப் பொருட்டாக இல்லாமல் போனது. மாட்டு என்ற பெயரில் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் தொலைவில் கிடக்கும் அடிகளைப் பிரித்து இணைத்துப் பொருள் சொல்வதை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடுமையாக மறுத்தார். அந்த மறுப்பில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. வரிசையைக் கலைத்துப் பெறும் பொருள் இலக்கணத்துக்கு ஒத்துவரலாம். கேட்பவர் மனத்தில் எது முதலில், எது பின்னால் வந்து தைத்தது என்பது அதில் அழிந்துபோகிறது.

குறிப் பட்டியலுக்குள் எளிதில் அடங்காத காட்சிகளும் உண்டு. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில், தன்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான் என்று புலம்பும் பெண், ஒரு குருகும் இருந்தது என்கிறாள். முதலில் தினைத்தாள் போன்ற மெல்லிய கால்கள் தெரிகின்றன. பிறகு, இங்கும் முச்சீராக வரும் ஈற்றயலடியில், ஓடும் நீரில் ஆரல்மீனை நோக்கும் பார்வை. கடைசி அடியில்தான் பறவை. சாட்சி வேண்டும் என்று அவள் தேடிக் கண்டது தன் இரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உயிரை. இந்தக் குருகைத் தலைவனுக்குக் குறியாக்கிப் பொருள் கொள்ளலாம். அப்படிக் கொண்டதும் அவளுடைய தனிமை சிறுத்துவிடுகிறது. குருகு குருகாகவே நிற்கும்போதுதான் அவளுக்கு உலகத்தில் யாருமில்லை என்பது உறைக்கிறது. குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் எஞ்சிய 20க்கு நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்லப்படும் உரை நமக்குக் கிடைக்கவில்லை. இழப்புதான். ஆனாலும் இந்தப் பாடலுக்கு முடிவான குறி ஒன்று விதிக்கப்படாமல் நமக்கு வந்திருப்பதில் எனக்கு ஒரு நிறைவு.

வடிவத்தின் பக்கமும் பழுது உண்டு. பெயரெச்சத்தை நீட்டி நீட்டிக் கடைசியில் ஆளைக் காட்டும் முறை, பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் நிற்கும் குறுந்தொகையில் அம்பாகப் பாய்கிறது. 13 முதல் 31 அடி வரை போகும் அகநானூற்றில் அதே முறை பல இடங்களில் மூச்சு வாங்குகிறது. பரணர் காதலைச் சொல்ல வந்து, அதற்கு உவமையாக ஒரு மன்னனையும் போரையும் ஊரையும் அடுக்கிக்கொண்டே போவார். வரலாற்றாய்வாளர்களுக்கு அவை பொக்கிஷம். ஆனால் படித்து முடிக்கும்போது அந்தப் பெண்ணின் குரல் எங்கோ பின்னால் தங்கிவிடுகிறது. பிற்காலக் கோவை நூல்களில் நிலைமை இன்னும் மோசம். துறைகளின் வரிசை முன்பே தீர்மானமாகிவிட்டது. கட்டளைக் கலித்துறையோ அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணி அளக்கும் யாப்பு. 400 பாடல் கொண்ட திருக்கோவையார் மாணிக்கவாசகரின் ஆற்றலால் நிற்கிறது. அந்த வழியில் எழுதப்பட்ட பல கோவைகளில் தலைவியும் தோழியும் துறைக்குத் துறை இடம் நிரப்புகிறவர்களாகிவிட்டார்கள்.

இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் சந்தி பிரித்த பதிப்புகள். மர்ரே ராஜம் பதிப்புகள் தொடங்கிவைத்த அந்த வழி இல்லாமல் என்னைப் போன்ற பலர் சங்கப் பாடலின் பக்கமே போயிருக்க மாட்டோம். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் சொல் பிரியும்போது சீர் உடைகிறது, சீர் உடைந்தால் ஈற்றயலடி குறுகுவது காதுக்கு எட்டாது. பள்ளிப் பதிப்புகளிலாவது சீர் பிரித்த வடிவத்தை ஒரு பக்கமும் சந்தி பிரித்த வடிவத்தை எதிர்ப்பக்கமும் அச்சிட வேண்டும். வாளை யார், பழம் யார் என்று கேட்பதற்கு முன் ஆசிரியர் அந்த ஆறு அடியையும் வாய்விட்டு இரண்டு முறை படிக்கட்டும். பாட்டு எந்த இடத்தில் குறுகியது என்று மாணவரைக் கேட்கட்டும். குறிகளின் பட்டியல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.